கச்சான் காத்துக்கும் புழுதிக்கும் நிக்கிற மேக்கப்: குறைஞ்ச காசில எதை வாங்கலாம், எதை விடலாம்

தங்கச்சி, நீங்கள் கேட்டதை முதல் ஒருக்கா சொல்லிப்போட்டுத் தொடங்கிறன், வாசிக்கிற மற்ற ஆக்களுக்கும் விளங்கும். பரந்தன் பக்கத்தில இருந்து கிளிநொச்சி டவுணுக்கு ஸ்கூட்டியில வேலைக்குப் போறீங்கள், பத்து மணியாக முதலே முகம் எண்ணெய் வடிஞ்சு, பூசின ஃபவுண்டேசன் சாம்பல் பூத்து திட்டுத்திட்டா நிக்குது, ஆவணியில மச்சாளின்ர கலியாணமும் வருது, கையைக் கடிக்காத விலையில என்னென்ன வாங்கிப் பாக்கலாம் எண்டு கேட்டிருக்கிறீங்கள். பொம்பிளை வெளிக்கிடுத்திறதுதான் என்ர தொழில், அதுவும் ஏசி இல்லாத கோயில் மண்டபங்களிலயும் தறப்பாள் பந்தலுக்குக் கீழயும்தான் கனக்க, அதால வெக்கைக்கு எது நிக்கும் எது வழியும் எண்டதை கிட்ட நிண்டு பாத்த ஆள். கொஞ்சம் நீளமாத்தான் சொல்லப்போறன்.

முதலே என்ர முடிவைச் சொல்லிவிடுறன். காசை சன்ஸ்கிறீனுக்கும் முகம் கழுவுற சாமானுக்கும் போடுங்கோ. நிறம் குடுக்கிற சாமான், அதாவது லிப்ஸ்டிக், கண்மை, பவுடர் எல்லாம் விலை குறைஞ்சதிலயே நல்லது இருக்கு. ஃபவுண்டேசனை வேலைநாளில போடவே வேண்டாம்.

எங்கட பக்கத்து வெயிலைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கவேணும், ஏனெண்டா இந்தியாக்காரரோ கொழும்புக்காரரோ வீடியோவில சொல்லுறது எல்லாம் இஞ்சை அப்பிடியே சரிவராது. வன்னியில வெக்கை ரெண்டு விதம். சித்திரையில வாறது புழுக்கம், காத்தே இல்ல, வேர்வை காயாது, அது முகத்திலயே நிண்டு பூசினதையெல்லாம் தூக்கிக்கொண்டு வழியும். வைகாசிக்குப் பிறகு கச்சான், அதாவது தென்மேற்கால வாற காத்து, அடிக்கத் தொடங்கினா கதை வேற, காத்து காய்ஞ்ச காத்து, வேர்வை உடன காய்ஞ்சு உப்பு மட்டும் தோலில நிக்கும், தோல் மேலால வறண்டு சுருங்கும், ஆனா உள்ளுக்கிருந்து எண்ணெய் வந்துகொண்டே இருக்கும், அதுக்கு மேல கிரவல் ரோட்டுப் புழுதி. இப்ப எல்லாரும் முகம் மினுமினுக்க வேணும் எண்டு ஈரத்தன்மையான கிறீம், ஹைலைட்டர் எல்லாம் போடினம், அதைப் பூசிக்கொண்டு ஒட்டுசுட்டான் ரோட்டில கொஞ்சத்தூரம் போய்ப் பாருங்கோ, மோதகத்துக்கு மாப் பிரட்டின மாதிரி புழுதி ஒட்டியிருக்கும். ஆகவே சித்திரைக்கு வழியாத சாமான், கச்சானுக்கு ஒட்டாத சாமான். ரெண்டுக்கும் பொதுவான விடை ஒண்டுதான், மெல்லிசா, குறைய, ஒவ்வொண்டையும் காயவிட்டுப் பூசிறது.

சன்ஸ்கிறீனுக்கு வருவம். சித்திரைத் தொடக்கத்தில, அதாவது ஏப்ரல் நடுவில, சூரியன் வட மாகாணத்துக்கு நேர உச்சியில நிக்கும், பேந்து ஆவணி நடுவில, அதாவது ஆகஸ்ட் கடைசியில, திரும்ப ஒருக்கா உச்சிக்கு வரும். மச்சாளின்ர கலியாணம் அந்த நேரம்தான். வெயிலில இருக்கிற யூவி, அதாவது புற ஊதாக் கதிர் எவ்வளவு கடும் எண்டு காட்டுற யூவி சுட்டெண் 11ஐத் தொட்டாலே அதிதீவிரம் எண்டு சொல்லுவினம், எங்களுக்கு அது வெயில் மாதங்களில வழமையான மத்தியானம். போத்திலில எஸ்பிஎஃப் எண்டு போட்டிருக்கிறது வெயில் பாதுகாப்பு எண், அது 15 எண்டா தோலைச் சுடுற யூவி-பி கதிரில கிட்டத்தட்ட 93 வீதத்தை மறிக்கும், 30 எண்டா 97, 50 எண்டா 98. அப்ப 30க்கும் 50க்கும் பெரிய இடைவெளி இல்ல, 50 விலை கூட எண்டா 30ஐ வாங்கி நிறையப் பூசுங்கோ. நிறைய எண்டதுதான் முக்கியம். சுட்டுவிரல், நடுவிரல் ரெண்டின்ர நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தா அதுதான் முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டிய அளவு. கனபேர் பயறளவு எடுத்து முகம் முழுக்கத் தேய்ச்சுப்போட்டு இது வேலை செய்யேல்ல எண்டு சொல்லுகினம். அரைவாசி அளவு பூசினா போத்திலில போட்டிருக்கிற பாதுகாப்பு கிடைக்கவே கிடைக்காது.

எஸ்பிஎஃப் மட்டும் பாக்காம பிஏ எண்டு போட்டு எத்தனை பிளஸ் இருக்கெண்டும் பாருங்கோ, மூண்டு இல்லாட்டி நாலு இருந்தா நல்லது. அது யூவி-ஏ கதிருக்கு. இந்தக் கதிர் கண்ணாடியைத் தாண்டி வரும், ஏ9 ரோட்டில வவுனியாவுக்கு பஸ்ஸில யன்னல் கரையில இருந்து போறவைக்கு ஒரு பக்கக் கன்னம் மட்டும் கறுக்கிறது இதாலதான். பவுடரிலயோ பிபி கிறீமிலயோ எஸ்பிஎஃப் போட்டிருக்கெண்டு நம்பி சன்ஸ்கிறீனை விடாதேங்கோ, அவ்வளவு தடிப்பா ஒருத்தரும் பவுடர் பூசுறேல்ல, 15ம் 30ம் கூட்டி 45 ஆகிறதும் இல்ல.

நீங்கள் சொன்ன சாம்பல் நிறத்துக்குப் பாதிக் காரணம் சன்ஸ்கிறீனாவும் இருக்கலாம். சிங்க் ஒக்சைட், டைட்டேனியம் டயொக்சைட் கூட இருக்கிற கிறீம் எங்கட நிறத்தில வெள்ளையாத் தெரியும். ஜெல் இல்லாட்டி மேட் (மினுக்கமில்லாதது) எண்டு போட்டதை எடுத்தா இந்தப் பிரச்சினை குறைவு. லக்மேயின்ர சன் எக்ஸ்பேர்ட் மேட் ஜெல்லை எண்ணெய்த்தோல் பிள்ளையளுக்கு நான் சொல்லுறனான். அதைவிட நல்லது நிறம் சேர்த்த சன்ஸ்கிறீன், அதுக்குள்ள அயன் ஒக்சைட் எண்ட நிறத்தூள் இருக்கும், வெளிச்சத்தாலயே கூடுற மங்குக்கு அது உதவும், லேசா நிறமும் குடுக்கும், ஃபவுண்டேசன் செலவும் மிச்சம். மங்கு இருக்கிற அக்காமாருக்கு நான் முதல் சொல்லுறதே இதுதான். காலமை பூசினது பின்னேரம் மட்டும் நிக்காது, வெளியில நிண்டா ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா பூசவேணும், ஒஃபிசுக்குள்ள இருந்தா மத்தியானம் வெளிக்கிட முதல் ஒருக்காப் பூசினாக் காணும்.

இனி ஃபவுண்டேசன். சாம்பல் பூக்கிறதுக்கு மற்றப் பாதிக் காரணம் நிறப்பொருத்தம். எங்களுக்கு கனபேருக்குத் தோலின்ர அடிநிறம் மஞ்சள், பொன்நிறம். மலிவு ஃபவுண்டேசன் கனக்க ரோஸ் சாயலோட வருது, அதுவும் எங்கட நிறத்தைவிட ரெண்டு படி வெளுப்பா. கடையில நிக்கிற பிள்ளையும் ‘அக்கா இது போட்டா வெள்ளையாத் தெரிவீங்கள்’ எண்டு அதையே எடுத்துத் தரும். புறங்கையில பூசிப் பாக்கவேண்டாம், கை வேற நிறம், தாடைக்கரையில ஒரு கோடு இழுத்துப்போட்டு கடைக்கு வெளியில வந்து பகல் வெளிச்சத்தில பாருங்கோ, ட்யூப்லைட்டுக்குக் கீழ எல்லாம் பொருந்தும். உடன வாங்காம பத்துப் பதினைஞ்சு நிமிசம் விடுங்கோ, காத்துப்பட்டு கொஞ்சம் கறுக்கிற சாமான் கனக்க இருக்கு. தாடையில கோடு காணாமப் போனா அதுதான் உங்கட நிறம். மேபிலின் ஃபிட் மீ மேட்டில எங்கட நிறத்துக்குக் கிட்ட கொஞ்சம் கூட நிறங்கள் கிடைக்கும், அதால அதை நான் பயமில்லாமச் சொல்லுவன். வேற மலிவுப் பிறாண்டில சரியான நிறம் கிடைக்காட்டி, கொஞ்சம் கடும் நிறமா ஒண்டு வாங்கி முகத்துக் கிறீமோட கலந்து மெல்லிசாப் பூசலாம். வெளுப்பா வாங்கினதைக் கறுப்பாக்க வழியில்ல.

வேலைக்குப் போற நாளில என்ன செய்யலாம் எண்டா, முகத்தைக் கழுவி, தண்ணித்தன்மையான ஜெல் கிறீம் கொஞ்சம், அது காய சன்ஸ்கிறீன், பேந்து பத்து நிமிசம் ஒண்டும் செய்யாமல் விடுங்கோ, சேலையைக் கட்டுங்கோ, சாப்பாட்டைக் கட்டுங்கோ. அந்த இடைவெளி விடாமல் மேல மேல பூசிறதாலதான் கனக்கப்பேருக்கு முகத்தில அழுக்கு உருட்டின மாதிரித் திரண்டு வருது. பிறகு கண்ணுக்குக் கீழ, பரு அடையாளத்துக்கு மட்டும் கன்சீலர் எண்ட மறைக்கிற கிறீம், விரலால தட்டி. மூக்கு, நெத்தி, நாடி மட்டும் கொம்பக்ட் பவுடரை பஃபால அமத்திவிடுங்கோ, தேய்க்கிறேல்ல. கன்னத்துக்குப் பவுடரே வேண்டாம், கச்சானுக்கு கன்னம் வறண்டு பவுடர் வெடிச்சு நிக்கும்.

பிறைமர் எண்டு மேக்கப்புக்கு முதல் பூசுற விலைகூடின சாமான் ஒண்டு இருக்கு, அதை இப்ப வாங்காதேங்கோ. நல்ல மேட் சன்ஸ்கிறீனே அந்த வேலையில பாதியைச் செய்யும்.

வேர்த்தா துடைக்கிற விதம் இருக்கே, அதிலதான் எல்லாம் போறது. லேஞ்சியால இழுத்துத் துடைச்சா சன்ஸ்கிறீனும் சேர்ந்து வரும். ரிஷூ ஒண்டை எடுத்து ரெண்டு படையாப் பிரிச்சு, ஒரு படையை முகத்தில வைச்சு அமத்தி எடுங்கோ, எண்ணெயும் வேர்வையும் மட்டும் ஊறி வரும். விலைகூடின எண்ணெய்த்தாள் செய்யிறதும் இதைத்தான். அமத்தின பிறகுதான் பவுடர், வேர்வைக்கு மேல பவுடர் போட்டா மா குழைச்சுவிட்டதுதான். ஸ்கூட்டி ஓடுற உங்களுக்கு இன்னொண்டு, ஹெல்மெட்டுக்கு உள்ள இருக்கிற பஞ்சுத் துணி கன்னத்தில இருக்கிற எல்லாத்தையும் உரஞ்சி எடுக்கும், அதோட பழைய எண்ணெயும் வேர்வையும் அதில ஊறி திரும்ப உங்கட முகத்துக்கே வரும். கன்னக்கரையில பரு வாற பிள்ளையள் கிறீமை மாத்த முதல் அந்தத் துணியைக் கழட்டித் தோயுங்கோ. லிப்ஸ்டிக், பவுடர் எல்லாம் வேலையிடத்துக்குப் போய் இறங்கின பிறகு போடுங்கோ. சீற்றுக்குக் கீழ பெட்டியில ஒண்டையும் வைக்கவேண்டாம், வெயிலில நிக்கிற ஸ்கூட்டிக்குள்ள லிப்ஸ்டிக் உருகும், சன்ஸ்கிறீன் சத்துக் கெட்டுப்போகும்.

கண்ணுக்கு எண்டா வீட்டில விளக்கில பிடிச்சு ஆமணக்கெண்ணெயில குழைக்கிற மையும் டப்பா மையும் வடிவுதான், ஆனா எண்ணெய் அடிப்படையில இருக்கிறதால வெக்கைக்கு இளகி கண்ணுக்குக் கீழ இறங்கும். வாட்டர்புரூஃப் ஜெல் பென்சில் மலிவிலயே கிடைக்குது, மேல் இமைக்கரையில மட்டும் இழுங்கோ, கீழ வேண்டாம், கீழ இமைக்கு முதல் துளி பவுடர் தட்டிவிட்டா மேலயிருந்து இறங்கிறதும் நிண்டுவிடும். கோயில் திருவிழாக் கடையளில பேர் விலாசம் ஒண்டும் இல்லாம விக்கிற மை, சுர்மா எல்லாம் தொடவே வேண்டாம், ஈயம் கலந்திருக்கலாம், ஈயம் எண்டது பிள்ளைத்தாச்சிக்கும் குழந்தைப்பிள்ளையளுக்கும் கெடுதல். மையை ஒருத்தரோட ஒருத்தர் மாத்திப் பாவிக்கிறதும் வேண்டாம், கண்நோய் பரவ அது காணும். மஸ்காரா எண்டா திறந்து மூண்டு தொடக்கம் ஆறு மாதத்துக்குள்ள எறிஞ்சுவிடுங்கோ.

லிப்ஸ்டிக்குக்கு நான் சொல்லுறது மலிவு மேட் திரவ லிப்ஸ்டிக். நிக்கும், ஒட்டாது, ஆனா கச்சான் நேரம் உதடு வெடிக்கும். இரவில வசலினைத் தடிப்பாப் பூசிக்கொண்டு படுங்கோ, காலமை துடைச்சுப்போட்டு ஒரேயொரு மெல்லிசுப் படை, ரெண்டு படை போட்டா உரியும். நிறம் எடுக்கேக்க செங்கல் நிறம், மண் ரோஸ், மரூண் எல்லாம் எங்களுக்கு எடுக்கும். வெளிறின ரோஸ் போட்டா முகமே சுகமில்லாத ஆள் கணக்காத் தெரியும். அதே லிப்ஸ்டிக்கில ஒரு பொட்டு எடுத்து கன்னத்தில தட்டினா தனி பிளஷ் வாங்கத் தேவையில்ல, காய முதல் கெதியாத் தட்டவேணும், அவ்வளவுதான்.

பொட்டைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறேல்ல. ஒட்டுப் பொட்டின்ர பசை வேர்வையோட சேர்ந்து கடிக்கும், சில பசையில இருக்கிற ஒரு இரசாயனத்தால அந்த இடம் வெள்ளையாவே போயிருக்கு, அது திரும்பி வர கனகாலம் எடுக்கும். இரவில கழட்டுங்கோ, கடிச்சா அந்தப் பக்கெட்டையே விடுங்கோ. குங்குமம் வைக்கிற ஆக்களுக்கு வேர்வையில மூக்குக்கு இறங்காமல் இருக்க, சிவப்பு மேட் லிப் பென்சிலால முதல் வட்டம் கீறி அதுக்கு மேல குங்குமத்தை அமத்துங்கோ, வற்றாப்பளைப் பொங்கல் சனத்துக்குள்ள நிண்டாலும் அசையாது.

இப்ப நான் மனசு நொந்து சொல்லுற விஷயம். கலியாணத்துக்கு முதல் வெளுக்கவேணும் எண்டு ஆராவது டப்பாவில போட்ட கிறீம் தருவினம், ஒரு கிழமையில மாற்றம் தெரியும் எண்டு சொல்லுவினம். தெரியும்தான், ஏனெண்டா அதுக்குள்ள பாதரசம் இருக்கும், இல்லாட்டி குளோபெட்டசோல், பீட்டாமெதசோன் எண்ட ஸ்டீரொய்ட் இருக்கும். பாதரசம் தோலால உள்ளுக்குப் போய் கிட்னியைப் பழுதாக்கும். பாதரசத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் சேர்ந்து செய்த மினமாட்டா ஒப்பந்தத்தில முதல் பத்து லட்சத்தில ஒரு பங்கு மட்டும் விட்டிருந்தவை, 2023இல கூடி அதையும் எடுத்துப்போட்டு 2025ஓட பாதரசம் சேர்த்த பூச்சு ஒண்டுமே செய்யவோ ஏத்தி இறக்கவோ கூடாது எண்டு முடிவெடுத்தவை, அவ்வளவு கெடுதல். ஸ்டீரொய்ட் எண்டா தோல் மெலிஞ்சு, நரம்பு தெரிஞ்சு, வெயில் பட்டாலே எரியும், நிப்பாட்டினா முகம் சிவந்து பரு கொட்டும். என்னட்ட வெளிக்கிட வாற பொம்பிளையளில அப்பிடி வந்த பிள்ளையளின்ர முகத்தில பஃபை வைக்கேக்க அந்தப் பிள்ளை கண்ணீர் விடும், நான் என்னத்தைப் பூசினாலும் அந்தத் தோலில நிக்காது. கறுப்பு எண்டு சொல்லிச் சொல்லியே பிள்ளையளை இந்த டப்பாவுக்குத் தள்ளுற பெரியாக்கள் இதை வாசிச்சா தயவுசெய்து நிப்பாட்டுங்கோ. ஏற்கெனவே பாவிக்கிற ஆள் எண்டா டப்பாவோட தோல் வைத்தியரிட்டப் போங்கோ, சடுதியா நிப்பாட்டிப்போட்டு வீட்டில இருந்து அழவேண்டாம்.

வாங்கேக்க பெட்டியில இறக்குமதி செய்தவரின்ர பேர், விலாசம், உச்ச விலை, பச் நம்பர், முடிவுத் திகதி எல்லாம் அடிச்சிருக்கோ எண்டு பாருங்கோ. பெரிய பிறாண்ட் பேரில நம்பேலாத குறைஞ்ச விலைக்குக் கிடைச்சா அது போலி. நம்பிக்கையில்லாத சாமான் கண்டா நுகர்வோர் அதிகார சபையின்ர 1977க்கு அடிச்சுச் சொல்லலாம். எங்கட நாட்டுத் தயாரிப்பில நேச்சர்ஸ் சீக்ரட்ஸ் மாதிரி பிறாண்டுகளின்ர முகம் கழுவுற ஜெல் ஃபூட் சிட்டியிலயே எடுக்கலாம். எந்தப் புதுச் சாமானையும் காதுக்குப் பின்னால பூசி ரெண்டு நாள் பாத்திட்டு முகத்துக்குக் கொண்டுபோங்கோ.

கழுவுறது பாதி வேலை. எங்கட கிணத்துத் தண்ணி கன இடத்தில சுண்ணாம்பு கூடின தண்ணி, சவர்க்காரம் நுரைக்காது, படலம் ஒண்டை முகத்தில விட்டுப்போட்டுப் போகும், தோலும் இழுக்கும். அதால சவர்க்காரக் கட்டி வேண்டாம், ஜெல் ஃபேஸ்வோஷ் நல்லது. வாட்டர்புரூஃப் சாமான் போட்ட நாளில முதல் கொஞ்சம் பேபி ஒயில் தடவி இளக்கித் துடைச்சுப்போட்டு பிறகு கழுவுங்கோ. தேங்காயெண்ணெய் தலைக்கு நல்லது, பரு வாற முகத்துக்கு வேண்டாம், துவாரத்தை அடைக்கும். தேசிக்காய்ச்சாறு பூசிப்போட்டு வெயிலுக்க போறதும் வேண்டாம், எரிஞ்சு கொப்பளிச்சு அந்த இடம் கன்னங்கரேல் எண்டு ஆகும். வாசனைச் சென்டைக் கழுத்தில அடிச்சுக்கொண்டு வெயிலில போனாலும் சிலருக்கு அப்பிடித்தான், உடுப்பில அடியுங்கோ.

கலியாணத்துக்கு மட்டும் கொஞ்சம் கூடப் போடலாம். ஃபவுண்டேசனை ஈரப் பஞ்சால தட்டி மெல்லிசா ஒரு படை, மேல பவுடர், கடைசியா மேக்கப் அசையாமல் நிக்க அடிக்கிற செற்றிங் ஸ்பிறேயை அடிச்சுக் காயவிட்டு, இன்னொருக்கா பவுடரை அமத்துங்கோ. மலிவு ஸ்பிறே சிலது வெறும் பன்னீர்த் தண்ணி, அடிச்சுக் காய்ஞ்ச பிறகு தோல் லேசா இறுகின மாதிரி இருந்தாத்தான் அதுக்குள்ள சாமான் இருக்கு. வெள்ளை நிற லூஸ் பவுடர் கண்ணுக்குக் கீழ தடிப்பாப் போட்டா கமரா ஃபிளாஷில வெள்ளைத் திட்டாத் தெரியும், முதல்நாளே வீட்டில ஃபிளாஷ் போட்டு ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கோ. ஓமப்புகைக்கு கண்ணால தண்ணி வரும், மணவறைக்குக் கிட்ட நிக்கிற ஆள் எண்டா கீழ்க்கண்ணுக்கு ஒண்டும் வேண்டாம்.

இந்த மாதம் காசு வந்தோடன சன்ஸ்கிறீனும் ஃபேஸ்வோஷும், அடுத்தது கொம்பக்ட்டும் ஒரு லிப்ஸ்டிக்கும், பென்சிலும் முடிஞ்சா. ஃபவுண்டேசனை இப்ப வாங்கி வைக்காதேங்கோ. கச்சான் முடியுறதுக்கிடையில உங்கட நிறம் ஒரு படி மாறியிருக்கும், கலியாணத்துக்கு ஒரு கிழமைக்கு முதல் போய் தாடையில இழுத்துப் பாத்து வாங்குங்கோ. வாங்கின அண்டைக்கே முழுக்கப் பூசிக்கொண்டு மத்தியான வெயிலில சந்தைப் பக்கம் ஒருக்காப் போட்டு வாங்கோ, என்னட்ட வாற பொம்பிளையளுக்கும் இதைத்தான் சொல்லுறனான், வழியிறது எண்டா அண்டைக்கே வழியட்டும்.